வியூகத் திலகம்

போக்கர் போட்டியில் ஜெயித்தவரைப் பார்ப்பது அபூர்வம். ஜெயிப்பது எப்படி என்று சொல்லித்தருபவர் மட்டும், ஐ.டி. கம்பெனிகள் வரிசைகட்டி நிற்கும் பழைய மகாபலிபுரம் சாலையில், ஏதாவது ஒரு டீக்கடையில் நமக்காகக் காத்திருப்பார்.

"எப்படி இருக்கீங்க சார்?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போச்சு. "ஏஸ் ஜோடி வச்சிருந்தும் வெளிய வந்துட்டேன்" என்று தொடங்குவார். டீ ஆறிவிடும்.

ஆட்டம் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு பொதுவாக மேசையில். கையில் ஏஸ் ஜோடி விழுவது சராசரியாக 221 தடவைக்கு ஒரு தடவை. எதிரில் ஒரே ஆள், அவர் கையில் ஏதோ இரண்டு சீட்டு என்றால், ஏஸ் ஜோடி நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். இந்தக் கணக்கை டிஷ்யூ பேப்பரில் போட்டுக் காட்டுபவரும் அவர்தான். மிச்சமிருக்கும் 15-ல் ஒன்று தன் தலையில் விழுந்தால் மட்டும் அது சதி.

"அவன் தப்பா ஆடி ஜெயிச்சிட்டான் சார். நான் சரியா ஆடித் தோத்தேன்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தியாகியின் களை வரும்.

அவர் சொல்லும் வியூகத்தில் குற்றம் காண முடியாது. போட்டியில் சிப் என்னும் பந்தய வில்லைகள் தீர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே முதல் வேலை உயிரோடிருப்பது. பெரும்பாலான சீட்டுகளைக் கௌரவமாகக் கீழே வைத்துவிட வேண்டும். பிளைண்ட் என்னும் கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போகும். கையிருப்பு பத்து பிளைண்டுக்கும் கீழே இறங்கினால் இருப்பதையெல்லாம் தள்ளும் ஆல்-இன் அல்லது சீட்டைக் கீழே வைக்கும் ஃபோல்ட், நடுவில் நின்று யோசிப்பதற்கு இடமில்லை. வந்தவர்களில் பத்துப் பதினைந்து சதவீதம் பேருக்குத்தான் பரிசு. அந்த வட்டத்துக்குள் நுழையும் சமயம் எல்லாருக்கும் கை நடுங்கும், சிப் அதிகம் உள்ளவன் அப்போதுதான் மிரட்ட வேண்டும். எல்லாம் சரி. ஆனால், சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை ஹாரன் அடிக்காமல் நிற்க முடியாத மனிதர், பொறுமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிறார்.

மேசையில் உட்கார்ந்த அரை மணியில் 10-2 என்ற உதவாக்கரைக் கையோடு உள்ளே குதிப்பார். கேட்டால், "டாயில் பிரன்சன் 1976, 1977 ரெண்டு வருஷமும் கடைசிக் கையில 10-2 வச்சுத்தானே உலகப் பட்டம் வாங்கினாரு?" உண்மைதான். பிரன்சன் தூக்கிப்போட்ட 10-2 எத்தனை என்று யாரும் எழுதிவைக்கவில்லை. சிப் தீரும் நிலை வந்தால், 1982-ல் ஒரே ஒரு சிப்பிலிருந்து மீண்டு பட்டம் வென்ற ஜாக் ஸ்ட்ராஸ் துணைக்கு வருவார். தோற்றுவிட்டால், இணையத்தில் சிறு கட்டணம் கட்டி நுழைந்து 2003-ல் 25 லட்சம் டாலர் அள்ளிய கணக்கர் கிறிஸ் மனிமேக்கர். (பெயரே அதுதான், சத்தியமாக.) அந்த வருஷம் அதே போட்டியில் தோற்று வெளியேறிய மற்ற எண்ணூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர் பெயரும் நம்மவருக்குத் தெரியாது.

வீட்டில்தான் வியூகம் பலிப்பதில்லை. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகளே என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும், தீர்ப்பைப் போனில் இறக்கி மனைவியிடம் நீட்டினார். "பாரு, சூதாட்டம் இல்லையாம். திறமையாம்."

அம்மாள் நிதானமாகப் படித்தார். "ஏங்க, திறமை விளையாட்டுன்னா, தோத்துட்டு வர்றவருக்கு அது இல்லைன்னுதானே அர்த்தம்?"

அன்று அவர் ஃபோல்ட் செய்தார். நான் அறிந்தவரை அவர் வாழ்க்கையில் சரியான நேரத்தில் செய்த ஒரே ஃபோல்ட் அதுதான்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஊரே அத்தோடு முடிந்தது என்று நினைத்தது. அவருக்கோ கோவா இருந்தது. பணஜியில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் காசினோக் கப்பல்களுக்குப் போய்வருகிறார். எப்போதாவது கடைசிப் படிப் பரிசு விழும். அதை வரவில் எழுதுவார். நுழைவுக் கட்டணம், பயணம், லாட்ஜ் வாடகை எல்லாம் "கல்விச் செலவு". அந்தக் கல்விக்கு இன்னும் பட்டமளிப்பு விழா நடந்தபாடில்லை.

அண்மையில் பங்கு விற்கவும் தொடங்கியிருக்கிறார். நுழைவுக் கட்டணத்தில் பத்து சதவீதம் நாம் போட்டால் பரிசில் பத்து சதவீதம் நமக்கு. பெரிய ஆட்டக்காரர்களும் செய்கிற ஏற்பாடுதான் இது, அதில் தப்பில்லை. நீங்கள் அவரைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுங்கள், ஏஸ் ஜோடி கதையைக் கடைசிவரை கேளுங்கள். ஜி-பே எண் கேட்டால் மட்டும், டவர் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.