கேமரா பிடித்த கவிஞர்

கேள்வி: கவிஞர்கள் எதற்கு சார் சினிமா எடுக்க வருகிறார்கள்?
– ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: புத்தகம் போட்டுப் பட்ட கடன் போதவில்லை போலிருக்கிறது! பெரும்பாலான கவிஞர்கள் பாட்டெழுதத்தான் கோடம்பாக்கம் பக்கம் ஒதுங்குவார்கள். லீனா மணிமேகலை வழியே வேறு. கோயிலுக்கு நேர்ந்துவிடப்படும் அருந்ததியர் சிறுமிகளைப் பற்றி 2002-இல் ‘மாத்தம்மா’ ஆவணப்படம். மறு வருடமே ‘ஒற்றையிலையென’ கவிதைத் தொகுப்பு. பிறகு தனுஷ்கோடி மீனவர்களையும் அகதிகளையுமே நடிக்க வைத்து ‘செங்கடல்’. தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. ஒரு வரியை வெட்டச் சொன்னாலே கவிஞருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முழுப் படத்தையும் மறித்தால் விடுவாரா? தீர்ப்பாயம் வரை போய் 2011-இல் வெட்டில்லாமல் வாங்கி வந்தார். 2019-இல் ‘மாடத்தி’. புதிரை வண்ணார் வீட்டுப் பெண் தெய்வமாகும் கதை. ஊராரின் தீட்டுத் துணியையும் இறந்தவர் துணியையும் வெளுப்பவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் கண்ணில் பட்டால் ஊருக்குத் தீட்டாம்! என்ன கணக்கோ.

உங்கள் ஊர்ப் பக்கத்து ஒகேனக்கலுக்கு ‘ரோஜா’ படக் குழுவினர் பாட்டெடுக்க வந்து போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அங்குள்ள பரிசல்காரர் கதையை யாராவது இப்படிப் படமாக எடுத்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆமாம், இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறீர்களே... நீங்களும் கவிதை எழுதுவீர்களோ?