டீக்கு முத்திரை கோரித் திருப்பூரிலிருந்து ஒரு விண்ணப்பம்

புது தில்லி மானக் பவனில் வீற்றிருந்து, பாரத தேசத்தின் சகல வஸ்துக்களையும் அளந்தும் நிறுத்தும் சோதித்தும் முத்திரையிட்டருளும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சமூகத்துக்கு, நொய்யல் கரைப் பிரஜை ஒருவன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

1947 ஜனவரியிலேயே, அதாவது சுதந்திரம் வந்து சேர்வதற்கு ஏழு மாதம் முன்னதாகவே, தாங்கள் வேறொரு நாமதேயத்தில் அவதரித்துவிட்டீர்கள். தேசத்துக்கு முன்னால் அதன் அளவுகோல் பிறந்துவிட்டது என்பதில் எனக்கு அந்தரங்கமான திருப்தி உண்டு. ஏனெனில் அளவைக் கண்டு அஞ்சுகிற ஊர் எங்களுடையதன்று. துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்து ஜி.எஸ்.எம். பார்த்து, நூலைக் கவுண்ட் சொல்லி வாங்கி, கடல் கடந்த கம்பெனிக்காரர் அனுப்பிய துண்டுத் துணியோடு சாயத்தின் ஷேடு ஒத்துப்போகிறதா என்று விளக்குப் பெட்டிக்குள் வைத்து ஒப்பிட்டு, ஒரு கையை மூட்ட எத்தனை விநாடி பிடிக்கும் என்று தையற்காரரின் தலைமாட்டில் கடிகாரத்தோடு நின்று, செக்கிங் முடிந்ததை மறுபடியும் செக்கிங் செய்து பெட்டியில் அடைக்கிறவர்கள் நாங்கள். இத்தனை அளவுகளுக்கு நடுவே, அளக்கப்படாத திரவம் ஒன்று காலையும் மாலையும் எங்கள் தொண்டையில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை முறையிடவே இக்கடிதம். பாலியெஸ்டர், விஸ்கோஸ் நார்களுக்கு 2023-இல் அமலான முத்திரைக் கட்டாயம் 2025 நவம்பரில் விலக்கப்பட்டுவிட்டபடியால், தங்களுக்குச் சற்று அவகாசமும் இருக்கும் என்று நம்புகிறேன்.

பிளாஸ்குக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் 2023-இல் முத்திரை ஆணை பிறந்தது. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு 2024-இல் பிறந்தது. ஆக, டம்ளரின் உலோகத்துக்குத் தங்கள் முத்திரை உண்டு; கோவை எக்ஸ்பிரஸில் ஏறும்போது வீட்டுக் காப்பியை நிரப்பிக்கொண்டு போகும் பிளாஸ்குக்கும் உண்டு; உள்ளே இருப்பதன் யோக்கியதையைப் பற்றிக் கேட்க நாதியில்லை. காப்பி உணவுப் பாதுகாப்பு ஆணையத்தாரின் அதிகார எல்லைக்குட்பட்டது என்று தாங்கள் கை காட்டக்கூடும். அந்த ஆணையத்தாரோ, சிக்கரி கலந்த தூளில் நூற்றுக்கு ஐம்பத்தொரு பங்கு காப்பி இருந்தால் போதும் என்றும், கலந்த விகிதத்தைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்றும் விதித்து, சட்டசபையில் மந்திரிசபைக்குரிய சாமானியப் பெரும்பான்மையைக் காப்பிக்கும் அனுக்கிரகித்திருக்கிறார்கள். ஐம்பத்தொரு சதவீதம் பருத்தியை வைத்துப் பின்னி ‘பருத்திப் பனியன்’ என்று நாங்கள் அனுப்பினால் சரக்கு துறைமுகத்திலிருந்தே திரும்பிவரும். பனியனின் கழுத்தில் லேபிள் உண்டு. பொட்டலத்தின் முதுகிலும் உண்டு. ஹோட்டலில் ஆவி பறக்க நம் முன் வைக்கப்படும் டம்ளருக்குத்தான் கழுத்துமில்லை, முதுகுமில்லை.

டீக்குச் சர்வதேச முன்மாதிரி இருக்கிறது. நூறு மில்லி கொதிநீருக்கு இரண்டு கிராம் தேயிலை, பீங்கானில் ஒரு கெண்டி, ஊற வைப்பதற்கு ஆறு நிமிடம் என்று 1980-இல் ஐ.எஸ்.ஓ. 3103 விதித்தது. அது ருசி நிபுணர்கள் தேயிலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எழுதப்பட்டதேயன்றிக் குடித்து மகிழ்வதற்காக எழுதப்பட்டதன்று. அதற்கு மூலமான ஆங்கிலேயரின் தர ஆவணம் 1999-இல் இலக்கியத்துக்கான இக் நோபல் என்னும் பரிகாசப் பரிசையும் பெற்றது. இந்த விதியைத் திருப்பூரில் பிரயோகித்தால் என்ன ஆகும் என்பதைத் தாங்கள் ஆலோசிக்க வேண்டும். பத்து நிமிட டீ டைமில் ஆறு நிமிடத்தைக் கெண்டி விழுங்கிவிட்டால், ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற அயர்ன் மாஸ்டர் மீதி நாலு நிமிடத்தில் மாடிப்படி இறங்கி, சாலையைக் கடந்து, சூடு ஆற்றிக் குடித்து, கணக்கில் எழுதச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும்.

இப்போது நடப்பது வேறு. பாய்லருக்குப் பின்னால் நிற்கும் டீ மாஸ்டரிடம், “ஸ்ட்ராங் ஒண்ணு, லைட் ஒண்ணு, சர்க்கரை கம்மியா ரெண்டு” என்று ஏககாலத்தில் நாலு திசையிலிருந்தும் கூவினாலும், அவர் ஒரு காகிதத்திலும் குறித்துக்கொள்ளாமல், துணி வடிகட்டியைப் பிழிந்து, ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றி, அவரவர் டீயை அவரவர் கையில் கொடுத்துவிடுகிறார். வந்த புதிதில் பாலில்லாத சிவப்பு டீயைத் தேடியலைந்த அஸ்ஸாம்காரருக்கும் இன்று அவர் ஷேடு தெரிந்தே ஊற்றுகிறார். காலை எட்டரை மணியிலிருந்து பிறர் சொன்ன அளவுக்கே தைத்தும் வெட்டியும் மடித்தும் வந்த ஒருவன், தானே அளவு சொல்லிப் பிறரைச் செய்யவைக்கிற சந்தர்ப்பம் அன்றைக்கு அது ஒன்றுதான். பவர் டேபிளில் இருக்கும் பெண்களுக்கு அதுவும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவர்களுடைய டீ தூக்குப்போசியில் வந்து, எல்லோருக்கும் ஒரே நிறமாக ஊற்றப்படுகிறது. தரப்படுத்தப்பட்ட டீ எப்படி இருக்கும் என்று அறியத் தங்கள் நிபுணர்கள் விரும்பினால் அவர்களைக் கேட்கலாம்.

டீயை அளக்காவிட்டாலும், குடிதண்ணீர் விஷயத்தில் அரசாங்கம் அசிரத்தையாக இருந்ததில்லை. குடிதண்ணீர் வைக்கும் இடம் கழிவறையிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்றும், பெரும்பாலான தொழிலாளருக்குப் புரிகிற பாஷையில் அங்கே பலகை எழுத வேண்டும் என்றும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. ஒடியாவும் இந்தியும் தமிழும் ஒரே கூரையின் கீழ் தைக்கிற எங்கள் கம்பெனிகளில் பெரும்பான்மை எது என்று பலகை எழுதுகிறவர் திணறுவது வேறு விஷயம்.

குவளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகட்டின் கனம் இவ்வளவு, உலோகத்தின் கலப்பு இவ்வளவு என்று சோதிப்பதற்குத் தங்களிடம் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. கொங்கு நாட்டுக் கிராமத்து டீக்கடைகளில் இரண்டு வரிசையாகக் குவளை அடுக்கி, எந்த வரிசை எந்தத் தெருவுக்கு என்று நிர்ணயித்துவைத்த கீர்த்தி எங்கள் பக்கத்துக்கு உண்டு. 1955-இலும் 1989-இலும் தீண்டாமைக்கும் சாதி வன்கொடுமைக்கும் எதிராக வந்த சட்டங்களுக்கு அஞ்சிச் சில கடைக்காரர்கள் கண்டுபிடித்த உபாயம், ஒரு சாராருக்குக் கண்ணாடிக் கிளாஸும் இன்னொரு சாராருக்கு வீசியெறியும் கப்பும் என்பது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடையாயிற்று. ஆனால் அது சுற்றுச்சூழலை உத்தேசித்து. ஒரே கடையில் இரண்டு தரம் கூடாது என்பதற்குத் தங்களிடம் எண் ஒதுக்கப்பட்டிருந்தால் தெரிவிக்கவும்.

எங்கள் தொழிலின் சம்பிரதாயப்படி, ஆர்டர் பேசுமுன் சாம்பிள் அனுப்ப வேண்டும். பாலிதீன் கவரில் ஊற்றி நூலால் முடிச்சிட்ட பார்சல் டீயை அனுப்பச் சட்டம் இடம் தராதபடியால், ஸ்ட்ராங் ஒன்று, மீடியம் ஒன்று, சர்க்கரை கம்மி ஒன்று ஆக மூன்றும், தங்கள் முத்திரை பொறித்த மூன்று பிளாஸ்குகளில் இத்துடன் அனுப்பப்பட்டிருக்கின்றன. தில்லி வந்து சேர்கையில் ஆறிப்போயிருந்தால் அது பிளாஸ்கின் தரத்தைச் சார்ந்தது. அதற்கு டீ மாஸ்டர் பொறுப்பல்லர். ஷேடு சரியில்லை என்று எழுதினால் மறுசாம்பிள் அனுப்பச் சித்தமாயிருக்கிறோம். பிளாஸ்குகள் இரவல் வாங்கியவையாகையால், அபிப்பிராயம் வர எத்தனை வருஷமானாலும், அவற்றை மட்டும் முன்கூட்டியே திருப்பியனுப்பக் கோருகிறேன்.

இங்ஙனம்,
பனியன் தேசத்துப் பிரஜை ஒருவன்