பரிசலுக்கு மூக்கு முளைத்த கதை

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தேடுவார், அடுத்து போனைத் தேடுவார், இரண்டும் கிடைத்த பிறகுதான் காபி. போன மாதம் ஒருநாள் போனை மடியில் வைத்துக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். சொந்தத்தில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறி ஓடினேன். திரையில் ஒரு கிழவர், பின்னால் தக்காளியாலேயே கட்டிய ஆளுயரத் தேர். ‘இந்தத் தாத்தா தனி ஆளாகத் தக்காளியில் தேர் செய்தார். ஒருவர்கூட வாழ்த்தவில்லை’ என்று கீழே எழுதியிருந்தது.

“பாவம்டா, நீயாச்சும் ஒரு லைக் போடு.”

“அம்மா, அவருக்கு வலது கையில ஏழு விரல் இருக்கு.”

“அத்தனை தக்காளி அடுக்கணும்னா வேணாமா?”

நாங்கள் தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கத்துக்காரர்கள். நாற்பது வருஷம் தக்காளிக் கூடை கட்டியவர் அம்மா. நாலு வரிசைக்கு மேல் அடுக்கினால் அடிவரிசை சட்னி என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் போனில் வந்தது வேறு தக்காளி. அதே வாரம் விலை படுத்து, பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று சித்தப்பா ஒரு ஏக்கர் தக்காளியைச் செடியிலேயே விட்டார். அதைப் போட்டோ எடுத்துப் போட்டார். மூன்று லைக். அதில் ஒன்று அவருடையது.

தேரை இழுத்துத் தெருவில் விட்டது வெளியூர்க்காரன் என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். விசாரித்தால் என் அக்கா மகன். டிப்ளமோ முடித்துவிட்டு, நம்ம ஊர்ப் பெருமை பேசுகிறேன் என்று ஒரு பக்கம் நடத்துகிறான்.

“மாமா, ஒரு நாளைக்குப் பத்து போஸ்ட் போடணும். இல்லாட்டி ரீச் படுத்துடும்.”

“பத்துக்கும் எங்கடா போவ?”

“எங்க போறது? இங்கயேதான்” என்று போனில் இருக்கும் ஏஐயைத் தட்டினான். அரை நிமிஷத்தில் ஒகேனக்கல் வந்தது. நயாகரா உயரத்துக்கு அருவி, பின்னால் பனிமலை. அருவிக்கு அடியில் ஒரு பரிசல். அந்தப் பரிசலுக்கு ஆலப்புழைப் படகு மாதிரி கூரான மூக்கு! மூங்கில் பிளாச்சில் பின்னி, அடியில் முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் போர்த்தி, கூடை மாதிரி வட்டமாக இருப்பதுதான் பரிசல். அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஆனால் கீழே நூற்றுக்கணக்கில் வாழ்த்து. ‘எங்கள் மண்ணின் பெருமை’ என்று உருகியவர்களில் பென்னாகரத்துக்காரர்களும் உண்டு. வீட்டிலிருந்து பஸ் ஏறினால் பரிசலையே பார்த்துவிடலாம்.

அடுத்தது அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் காட்சி. கனி தேங்காய் அளவு. ஔவை கூன் விழுந்து, கோல் ஊன்றி, நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன், சும்மா இருப்பேனா? “டேய், அதியமானைப் பாடின ஔவை வேற, ஆத்திசூடி பாடின ஔவை வேற. நெல்லிக்கனி புறநானூறு 91-ஆம் பாட்டுல இருக்கு. அதியமானுக்காகத் தொண்டைமான்கிட்டத் தூது போன அம்மாவுக்கு ஏன்டா கூன் போட்ட?”

“நான் போடலை மாமா. ஔவையார்னு அடிச்சேன், அதுவா போட்டுச்சு.”

யோசித்தால் அதுவும் போடவில்லை, நாம்தான் போட்டோம். 1953-இல் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’ படத்தில் கே.பி.சுந்தராம்பாளைப் பார்த்ததிலிருந்து இந்த நாட்டில் எல்லா ஔவைக்கும் ஒரே முகம்தான். நான் ஒட்டிய வகுப்பறைப் படத்திலும் கூன் இருந்தது. நாம் போட்ட குப்பையைத்தான் எந்திரம் கூட்டி அள்ளி, வாழையிலையில் பரிமாறுகிறது.

போன கோடையில் சென்னையிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்தது. ‘ஏஐகிட்டக் கேட்டு பிளான் போட்டாச்சு, நீங்க சிரமப்படாதீங்க’ என்றார். காலையில் தர்மபுரி மாவட்டம் ஓசூர், மதியம் தர்மபுரி மாவட்டம் கிருஷ்ணகிரி அணை, மாலை தொப்பூர் கணவாயில் படகுச் சவாரி. 2004 பிப்ரவரியிலேயே கிருஷ்ணகிரி பாகம் பிரிந்து தனி மாவட்டமாகப் போய்விட்டது; பழைய பக்கங்களைப் படித்த எந்திரத்துக்கு நாங்கள் இன்னும் கூட்டுக் குடும்பம். தொப்பூர்ப் படகு எங்கிருந்து வந்தது என்று அதற்கே வெளிச்சம். அங்கே பிரேக்கை மிதித்துக்கொண்டு இறங்குவதுதான் சவாரி.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2024-இல் கூகுளின் ஏஐ, பீட்சாவில் சீஸ் வழுக்காமல் இருக்கப் பசை சேர்க்கலாம் என்று யோசனை சொன்னது. அதற்குப் பல வருஷம் முன் எவனோ இணையத்தில் விளையாட்டாக எழுதியதை அது சமையல் குறிப்பு என்று நம்பிவிட்டது. அதே ஆண்டு ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. எந்திரம் எழுதியதையே எந்திரத்துக்குத் திரும்பத் திரும்பப் பாடமாகக் கொடுத்தால் சரக்கு தேய்ந்துகொண்டே போய்க் கடைசியில் உளறலாகிவிடுமாம். இதைத்தான் நம் ஊரில் அரைத்த மாவையே அரைப்பது என்கிறோம். அந்தத் தேய்மானத்தில் ஒரு நுட்பம் உண்டு. முதலில் காணாமல் போவது அபூர்வமான விஷயங்கள்தான். உலகத்துப் படகுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கூர்மூக்கு. வட்டப் பரிசல் ஏதோ சில ஆறுகளில்தான். ஆக, அரைக்க அரைக்க எங்கள் பரிசலுக்கு மூக்கு முளைக்கத்தானே செய்யும்!

இத்தனையும் சொல்லி அக்கா மகனைக் கரைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்லுக்கு இழுத்துப் போனேன். கிளம்பும்போதே அம்மா தடுத்தார். வாட்ஸ்அப்பில் வெள்ளம். தொங்குபாலத்தைத் தொட்டுக்கொண்டு காவிரி பாயும் வீடியோ, ‘இன்று காலை’ என்ற தலைப்போடு. வருஷா வருஷம் ஆடி பிறந்தால் தவறாமல் வரும் வெள்ளம் அது. ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது என்று 2018-இலேயே வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது. எங்கள் அத்தைகளுக்கு அது ஒரு தடையே இல்லை. ஐந்து ஐந்தாக அனுப்புவார்கள்.

அன்றைக்குப் பிலிகுண்டுலு நீரளவு நிலையத்தில் அளந்த காவிரி நீர்வரத்து கொஞ்சம்தான். ஆறு சாதுவாக இருந்தது. பரிசல் ஓட்டும் அண்ணனிடம் கேட்டேன், தண்ணீர் ஏறுவதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று. கைகாட்டினார்.

“அந்தப் பாறை தெரியுதுங்களா? அதுல ஈரம் மேல ஏறுச்சுன்னா துடுப்பக் கரையில வெச்சிருவோம். கலெக்டர் ஆபீஸ்ல இருந்து தடை வர்றது அப்புறம்.”

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறினோம். நடு ஆற்றில் அவர் துடுப்பை ஒரு திருப்புத் திருப்ப, பரிசல் பம்பரமாகச் சுழன்றது. அக்கா மகன் அலறிக்கொண்டே படம் பிடித்தான். வறுத்த மீன் வாசனை கரையிலிருந்து வந்தது. அன்றிரவு அவன் பக்கத்தில் முதல்முறையாக நிஜமான ஒகேனக்கல் ஏறியது.

மறுநாள் பார்த்தால் பதினாறு லைக், ஒரே ஒரு கருத்து: ‘ஏஐ வேலைன்னு பார்த்தாலே தெரியுது. பரிசல் எங்கயாவது இவ்வளவு வட்டமா இருக்குமா?’

அக்கா மகன் முகம் தொங்கிப் போனது. அந்த அண்ணனுக்கே போன் போட்டுப் படித்துக் காட்டினான். மறுமுனையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து அவர் சொன்னார்:

“வரச் சொல்லுங்க தம்பி. மூக்கு எந்தப் பக்கம் வேணும்னு கேட்டு, அந்தப் பக்கமாவே உட்கார வெக்கிறேன்.”