மகனே தகப்பனாதல்: வெளிநாட்டுச் சேர்க்கைப் படிவம் பற்றித் திருப்பத்தூரிலிருந்து ஓர் ஆய்வு

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணையும் ஆங்கில அறிவையும் பார்த்துத்தான் நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன என்பது படித்தவர்களிடையே பரவியுள்ள மூடநம்பிக்கை. மதிப்பெண் கல்லூரியோடு முடிந்த காரியம். ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் இருக்கிறது. ஒன்பதுக்கு இத்தனை என்று போட்டுக் கொடுப்பார்கள், இரண்டு வருஷம் செல்லும். படிவம் உண்மையில் கேட்பது வேறு: நீ எந்த ஊர், யார் மகன்? திருப்பத்தூர்ப் பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு ஜெராக்ஸ் கடையில், அக்கா மகனின் இங்கிலாந்து விண்ணப்பத்தை முன்னிட்டு மூன்று மாதம் நின்றபடியே நடத்திய கள ஆய்வு இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுகிறது.

முதலில் வரலாற்றுப் பின்புலம். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் கடல் கடப்பது புதிதல்ல. மீசை அரும்பும் முன்பே பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடைப் பெட்டியடிப் பையன்களாகப் போனவர்கள். அன்றைய சேர்க்கைத் தகுதிகள் எளியவை. கையெழுத்து முத்துமுத்தாக இருக்க வேண்டும். எண்சுவடியை முந்திரி வரைக்கும், அதாவது 320-ல் ஒரு பங்கு வரைக்கும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். இன்னார் பேரன் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். எதற்காகப் போகிறாய் என்று இரண்டு பக்கக் கட்டுரை எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. எதற்காகப் போகிறான் என்பது ஊருக்கே தெரியும்.

இனி ஊர்.

பிறப்புச் சான்றிதழில் ஒரு திருப்பத்தூர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு திருப்பத்தூர், பாஸ்போர்ட்டில் ஒரு திருப்பத்தூர். தமிழில் எல்லாம் ஒன்றே. கோளாறு ஆங்கிலத்தில் தொடங்குகிறது. முதலெழுத்து ‘தி’யில் எச் போடலாம், போடாமலும் விடலாம்: இரண்டு வழி. நடுவில் ஒற்றைப் பீ அல்லது இரட்டைப் பீ: இரண்டு. ‘த்தூ’வுக்கு ஒற்றை டீ, இரட்டை டீ, எச் சேர்த்த டீ, எச் சேர்த்த டீ இரண்டு: நான்கு. (ஜெராக்ஸ் கடைக்காரர் இந்த இடத்தில் எதிர்க்கடையைப் பார்த்து விரலைக் காட்ட, ஆய்வு சிறிது நேரம் தடைப்பட்டது.) கடைசி ‘ஊர்’ யூவா, இரட்டை ஓவா: இரண்டு. பெருக்கினால் 32. ஆகவே ஏதேனும் இரு சான்றிதழ்களில் ஊர்ப்பெயர் ஒத்துப்போக வாய்ப்பு 32-ல் ஒன்று. எண்சுவடி இதை அரைவீசம் என்னும்.

இந்த எழுத்துகளுக்குள் வேறு ஊர்களும் குடியிருக்கின்றன. 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருப்பத்தூர் ஒன்று. பிரம்மா கோயிலுக்குப் பேர்போன, திருச்சிப் பக்கத்துத் திருப்பட்டூர் இன்னொன்று; தமிழில் அது ‘ட்’, நாம் ‘த்’ என்று கௌரவமாகப் பிரிந்து நிற்கிறோம், ஆங்கிலத்தில் இருவரையும் ஒரே பாயில் படுக்கவைத்துவிடுகிறார்கள். மருது பாண்டியரைத் தூக்கிலிட்ட திருப்பத்தூர் என்றால் தமிழ்நாட்டில் எவருக்கும் புரியும். பிறந்த இடம் என்ற கட்டத்தில் அதை எழுத இடம் போதாது.

அரசும் ஒரு முறை முயன்று பார்த்தது. 2020 ஜூனில், 1018 ஊர்களின் பெயரை ஆங்கிலத்திலும் தமிழ் ஒலிப்படியே எழுதும் ஆணை வெளியானது. கோயம்புத்தூருக்கு ஆங்கில எழுத்துகள் ஏகத்துக்கு முளைத்தன. சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நம் ஜெராக்ஸ் கடைக்காரர் அந்தச் சில நாள்களை இன்றும் பெருமூச்சோடு நினைவுகூர்கிறார்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. இங்கிலாந்து விசாவுக்குக் காட்டும் தொகை வங்கியில் தொடர்ந்து 28 நாள் கிடக்க வேண்டும். மாவடு மாதிரி. இடையில் ஒரு நாள் கை வைத்துத் தொகை குறைந்தால் முதலிலிருந்து ஊறப்போட வேண்டியதுதான். ஜெர்மனிக்காரர்கள் இன்னும் கறார்: 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோவைப் பூட்டிவைத்த கணக்கில் போடச் சொல்லி, மாதம் 992-ஆகப் பையனுக்கு அளந்து விடுகிறார்கள். பெட்டியடியில் பழகிய பரம்பரைக்கு அதில் குறை சொல்ல ஏதுமில்லை. அக்காவின் கணவரான அயித்தான் மட்டும் மனம் ஆறாமல், பர்மாத் தேக்குத் தூண் நிற்கும் பூர்வீக வீட்டைக் காட்டலாமே என்றார். இங்கிலாந்து விசாவுக்கு வீடு, நிலம், நகை எதுவும் செல்லாது; ரொக்கம்தான் செல்லும். செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும் அந்த வீட்டில் அவருடைய பங்கு என்ன என்று கேட்டேன். முகப்பிலிருந்து வளவு வரை மனத்துக்குள் நடந்து, பங்காளிகளை எண்ணிவிட்டு வந்து சொன்னார்: அரைவீசம்.

ஆய்வின் மையப் பொருளுக்கு இப்போதுதான் வருகிறோம்.

படிவத்தில் இரண்டு கட்டம்: முதல் பெயர், கடைசிப் பெயர். நமக்கு முதலும் கடைசியும் ஒரே பெயர்தான்; அதற்கு முன்னால் தலையெழுத்து உண்டு. செட்டிநாட்டு விலாசத்தில் அது ஓரெழுத்தோடு நிற்பதும் இல்லை. பாட்டன், முப்பாட்டன் எல்லோரும் புள்ளி வைத்து வரிசையில் நிற்பார்கள். பாஸ்போர்ட்டோ இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். இந்த வட்டாரத்தில் படிவத்துக்குப் பொருந்தும் பெயரோடு இருந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவரே: கணியன் பூங்குன்றனார். முதல் கட்டத்தில் தொழில், இரண்டாவதில் ஊர். திருப்பத்தூருக்குப் பக்கத்து மகிபாலன்பட்டிதான் அவர் ஊர் என்பார்கள். ஆனால் சொந்த நாடு எது என்ற கட்டத்தில் அவர் எழுதக்கூடிய பதிலைப் பார்த்துவிட்டு எந்தத் தூதரகமும் அவருக்கு விசா கொடுத்திருக்காது.

அக்கா மகனின் அசல் பெயரைச் சொன்னால் அக்கா என்னோடு பேசமாட்டாள். ஆகவே, அல்ஜீப்ராவில் எக்ஸ், ஒய் போல, மகன் பழனியப்பன், தகப்பன் ராமநாதன் என்று கொள்வோம். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது வழக்கம். எனவே ராமநாதனின் தகப்பனும் பழனியப்பன். இனிஷியலை விரித்தால் மகன் ‘பழனியப்பன் ராமநாதன்’. அதே விதிப்படி தகப்பன் ‘ராமநாதன் பழனியப்பன்’. இதுவரை குற்றமில்லை, ஒன்று மற்றதன் கண்ணாடி. இங்கிலாந்து அலுவலகம் கடைசிப் பெயரை முன்னால் போட்டுக் கோப்பில் ஏற்றும். ஏற்றியதும் மகன் ‘ராமநாதன் பழனியப்பன்’ ஆகிவிடுகிறான். அதாவது, கடைசிப் பெயரை முன்னால் நகர்த்தினால் விண்ணப்பதாரர் தன் தகப்பனாகத் தானே ஆகிறார். இதை விலாசத் தேற்றம் என்று அழைக்கப் பரிந்துரைக்கிறேன்.

தேற்றத்தின் நிரூபணம் மின்னஞ்சலில் வந்தது. பெற்றோர் பணத்தைக் காட்டுவதானால் பிறப்புச் சான்றிதழும், பெற்றோர் சம்மதித்துத் தரும் கடிதமும் வேண்டும். அனுப்பினோம். மாணவர் தமக்குத் தாமே சம்மதக் கடிதம் எழுதியிருப்பது ஏன் என்று கேட்டிருந்தார்கள்.

“அம்மான், அப்பச்சிக்கு நானே அப்பச்சி ஆயிட்டேன்” என்றான் பையன்.

“தாத்தா பேரை வச்சாச்சுல்ல, அது அப்பவே ஆச்சு” என்றார் அயித்தான்.

நோட்டரி வக்கீலிடம் போனோம். இரண்டு விதமாக எழுதப்பட்ட பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தே தலை நரைத்தவர். இருவரும் ஒருவர் அல்லர் என்று எழுதக் கேட்டு வந்தவர்கள் நாங்கள்தான் முதல் என்றார். பேனாவை மூடிவிட்டு மகனையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கு வேறு ஒரே மாதிரி. கடைசியில் ஆதாரில் பிறந்த வருஷத்தைப் பார்த்துத்தான் முத்திரையைக் குத்தினார்.

பையன் போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கே எல்லோரும் அவனைக் கடைசிப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம்: மிஸ்டர் ராமநாதன். விடுதிக் கதவிலும் அந்தப் பெயர்தான். அக்கா சீப்புச் சீடையும் மாவுருண்டையும் டப்பாவில் அடைத்து, துணி சுற்றித் தைத்து எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்கு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அயித்தான் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை; ரேஷன் கடையில்கூட என்னைத்தான் சொல்லவைப்பாள். பார்சல் வாங்கியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்:

“யார் பேருக்கும்மா?”

அக்கா என்னைப் பார்த்தாள்.