ஜெனரிக் அர்ரேக்குத் திரி வைப்பது எப்படி?

சிவகாசிப் பட்டாசுக் கடைக்கு ஜாவாவில் ஆர்டர் சாப்ட்வேர் எழுதுகிறீர்கள். மன்னிக்கவும், ‘என்கொயரி’ சாப்ட்வேர். ஆன்லைனில் பட்டாசு விற்கக்கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு, ‘வாங்கு’ பொத்தான் இருந்த இடத்தில் ‘என்கொயரி’ பொத்தான் வந்து உட்கார்ந்துவிட்டது. பெயரை மாற்றினால் காரியம் நடக்கும் என்று இந்த ஊரில் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடிலும் அதையே செய்யுங்கள்.

1. கிஃப்ட்பாக்ஸ்<டி> என்று ஒரு கிளாஸ். உள்ளே ‘நியூ டி[30]’ போடுங்கள். ‘ஜெனரிக் அர்ரே கிரியேஷன்’ என்று கம்பைலர் திட்டும். ஏன் என்று கேட்காதீர்கள், புரிந்து தொலைக்கும். தன்னுள் என்ன வகைச் சரக்கு என்பதை, புரோகிராம் ஓடும்போதும் அர்ரே ஞாபகம் வைத்திருக்கும். 2004இல் ஜாவா 5-உடன் வந்த ஜெனரிக்ஸ், பழைய கோடோடு ஒத்துப்போவதற்காக, கம்பைல் முடிந்ததுமே டி-யை அழித்துவிடும். இல்லாத டி-க்கு அர்ரே கட்டச் சொன்னால் கம்பைலர் என்ன செய்யும், பாவம்!

2. ‘(டி[]) நியூ ஆப்ஜெக்ட்[30]’ என்று காஸ்ட் செய்யுங்கள். ஓர் எச்சரிக்கை வரும்.

3. சப்ரஸ்வார்னிங்ஸ் போட்டு அதன் வாயை மூடுங்கள். ஒரு வரிக்கு மட்டும் போடுவது கஞ்சத்தனம். கிளாஸ் தலையிலேயே போடுங்கள். நாளைக்கு வரப்போகும் எச்சரிக்கைகளும் சேர்ந்து அடங்கும்.

4. ‘டி எக்ஸ்டெண்ட்ஸ் பட்டாசு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அழித்தபின் டி இருந்த இடத்தில் பட்டாசு நிற்கும். ஆப்ஜெக்ட் அர்ரே அதற்குப் பொருந்தாது. உங்கள் வரியிலேயே வெடிக்கும். திரி நீளமாக இருக்க வேண்டாமா?

5. முக்கியமான கட்டம் இது. அர்ரேயைப் பிரைவேட்டாக உள்ளேயே வைத்திருந்தால் ஓர் ஆபத்தும் இல்லை. ஜாவாவின் அர்ரேலிஸ்ட்டே வயிற்றுக்குள் ஆப்ஜெக்ட்[] வைத்துத்தான் பிழைக்கிறது. ஆனால் அதை டி[] என்று சொல்லி வெளியே விடுவதில்லை. நீங்கள் விடுங்கள். ‘எல்லாம்()’ என்றொரு மெத்தட் டி[] திருப்பித் தரட்டும். பில் பிரிவுத் தம்பி அதை நம்பி, ‘சங்குசக்கரம்[] சரக்கு = பெட்டி.எல்லாம்()’ என்று எழுதுவார். கம்பைலரும் தலையாட்டும். ஓடும்போது கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் விழும், அவருடைய வரியில்.

6. ‘லிஸ்ட்<டி> போதுமே’, ‘கிளாஸைக் கேட்டு வாங்கி அர்ரே.நியூஇன்ஸ்டன்ஸ் போடலாமே’ என்பவர்களை டீ வாங்க அனுப்புங்கள்.

7. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, லாரி ஷெட்டில் பார்சல் குவிந்து கிடக்கும் சாயங்காலமாகப் பார்த்து ரிலீஸ் செய்துவிட்டு, விருதுநகர் பஸ் ஏறுங்கள். முதலாளி போன் செய்தால் பதறாதீர்கள். ஸ்டாக் ட்ரேஸில் முதல் வரியை வாசிக்கச் சொல்லிவிட்டு, தம்பியின் நம்பரைக் கொடுங்கள்.