மூணு காலம் போடும் அண்ணன்

கோவை சத்தி ரோட்டில் டெக்ஸ்டூல் தாண்டிக் கணபதிக்குள் நுழைந்தால், லேத்துப் பட்டறைக்கும் பேக்கரிக்கும் நடுவே இடம் கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு டி.டி.பி. கடை உண்டு. வெளியே ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் என்று ஒரு பலகை. உள்ளே ஓர் அண்ணன். கடைக்குக் கடை முகம் மாறும், அண்ணன் மாறமாட்டார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் பென்டிரைவ், மானிட்டர் தலையில் சாமி ஸ்டிக்கர், ஆறிப்போன டீ. வலது கை மௌஸில் இருக்கும். இடது கைக் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில் இருக்கும். தொழிலே அந்தக் கட்டைவிரலில்தான் நடக்கிறது.

வேர்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரிக்க லேஅவுட்டில் 'காலம்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கி மூன்று என்றால் வேலை முடிந்தது. அண்ணனுக்கு அது தெரியும், தெரிந்தேதான் தொடமாட்டார். முதல் பெயரை அடிப்பார். டக டக டகவென்று ஸ்பேஸைத் தட்டி நடுப்பக்கத்துக்கு வருவார். அடுத்த பெயர், மறுபடி டக டக டக. தமிழ் எழுத்தில் 'ர' ஒல்லி, 'ஞ' குண்டு. அதனால் எத்தனை தட்டினாலும் மேல் வரியும் கீழ் வரியும் நேர்கோட்டில் நிற்காது. அப்போது ஒரே ஒரு ஸ்பேஸை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் அளவை 14இலிருந்து 5ஆகக் குறைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். நேராகிவிடும். இப்படி வெற்றிடத்துக்கு அளவெடுத்துத் தைக்கும் ஆளை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். வேர்டின் பத்தி மேலிருந்து கீழே ஓடும். முதல் பத்தி நிரம்பியதும் மிச்சம் இரண்டாவதன் தலைக்குப் போகும். கும்பாபிஷேக நோட்டீஸோ இடமிருந்து வலமாகப் படிக்கப்படுவது. மேல் வரியில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சம உயரத்தில் நிற்க வேண்டும். முதல் பத்தியில் யாராவது ஒருவர் பெயரை எடுத்தால் போதும், எல்லாரும் ஒரு படி ஏறுவார்கள். இரண்டாம் பத்தியின் உச்சியில் இருந்த செயலாளர் முதல் பத்தியின் அடியில் போய் நிற்பார். அன்று மாலையே கடை வாசலில் புல்லட் ஒன்று வந்து நிற்கும்.

"ஏனுங் தம்பி, எங்க பெரிய மச்சானை எதுக்கு அடியில போட்டீங்?"

"நான் போடலீங்கய்யா, கம்ப்யூட்டரே தள்ளிருச்சுங்."

"கம்ப்யூட்டருக்கு எங்க மச்சானைத் தெரியுமா?"

இதற்குப் பதில் மைக்ரோசாஃப்டிடமும் கிடையாது. ஆனால் தள்ளாமல் தடுக்கக் காலம் பிரேக் என்று ஒன்று உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் அந்த இடத்தோடு பத்தி முறியும், செயலாளர் தன் உச்சியிலேயே இருப்பார். கடையில் வேலைக்கு இருக்கும் பி.காம். சி.ஏ. படித்த பெண் இதைவிட எளிதாக ஒன்று செய்வாள். டேபிள் போட்டு, பெயர்களைக் கட்டத்துக்குள் அடைத்து, கோட்டை மட்டும் மறைத்துவிடுவாள். யார் பெயரை நீக்கினாலும் அந்தக் கட்டம் காலியாகுமே தவிர அடுத்தவர் நகரமாட்டார். அண்ணன் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பார். "கோடு இருக்குதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும், பிரிண்டருக்குத் தெரியாதாக்கும்?"

பத்தி பிரிப்பது என்னவோ புதுக் கலை இல்லை. கூட்டன்பர்க் 1450களில் அச்சிட்ட பைபிளே பக்கத்துக்கு இரண்டு பத்தி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் இரண்டு பத்திதான். வரி குட்டையாக இருந்தால் கண் அடுத்த வரியைத் தவறாமல் பிடிக்கும் என்பது கணக்கு. ஆனால் அகராதியில் 'அ'வுக்கு அப்புறம் வருவதால் 'ஆ' கோபித்துக்கொள்வதில்லை. "அகர வரிசையில் போட்டால் என்னண்ணா?" என்று ஒருமுறை கேட்டதற்கு அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எலெக்‌ஷன் லிஸ்ட்டுங்களா இது?" வாக்காளர் பட்டியலும் பக்கத்துக்கு மூன்று வரிசை, முப்பது பேர்தான். அதில் யாரும் நன்கொடை கொடுத்து இடம் பிடிப்பதில்லை.

பெயர்ப் பட்டியல் மட்டும் என்றால் சமாளிக்கலாம். நோட்டீஸ் என்பது மேலே ஒரே அகலத்தில் தலைப்பு, நடுவில் மூன்று பத்தி, கீழே மறுபடி ஒரே அகலத்தில் 'அனைவரும் வருக'. நடுப்பகுதியை மட்டும் பிரிக்கச் சொன்னால் வேர்டு மேலும் கீழும் கண்ணுக்குத் தெரியாத செக்‌ஷன் பிரேக் ஒன்றைப் போட்டுக்கொள்ளும். மேலே ஒரு காலி வரி இருக்கிறதே என்று பேக்ஸ்பேஸ் தட்டி அதை அழித்துவிட்டால், மேற்பகுதி கீழ்ப்பகுதியின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். விளைவு, 'மகா கும்பாபிஷேகப் பெருவிழா' பெட்டி படுக்கையோடு முதல் பத்திக்குள் ஒடுங்கிவிடும், அம்மன் படம் உட்பட. அண்ணன் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டு, "வைரஸுங்" என்பார். மறைந்திருப்பதைக் காட்டும் பொத்தானை அந்தப் பெண் அமுக்கிக் காட்டினால் உடனே மூடச் சொல்வார். அந்தக் குறியெல்லாம் பிரிண்டில் வந்துவிடுமாம்.

ஒடுக்கமான பத்தியில் இருபுறமும் சமமாக நிறுத்தினால் தமிழ் இன்னொரு வேடிக்கை காட்டும். 'தெரிவித்துக்கொள்வதில்' என்று ஒரு சொல், அடுத்து 'பெருமகிழ்ச்சியடைகின்றோம்'. வரிக்கு இரண்டே சொல், நடுவில் பெரிய பொட்டல். வரப்புச் சண்டை போட்ட பங்காளிகள் கல்யாண மண்டபத்தில் ஆளுக்கொரு சுவரோரம் நிற்பதுபோல் நிற்கும். மூன்றாம் பத்தி குட்டையாக முடிந்தாலோ அண்ணனுக்கு அது சவாலே இல்லை. கடைசியில் இன்னொரு கன்டினியூயஸ் பிரேக் போட்டால் மூன்றும் சமமாகும் என்பது வேர்டின் வழி. பால்குடி மறவாத பேத்தி பெயரையும் ஏற்றிவிடுவது அண்ணன் வழி. அப்படியும் நிறையாவிட்டால் 'மற்றும் ஊர்ப் பொதுமக்கள்' இருக்கவே இருக்கிறார்கள்.

அவருடைய மனசு என்னவோ பேஜ்மேக்கரில்தான். 1985இல் ஆல்டஸ் கொண்டுவந்து, 1994இல் அடோபி கைக்கு மாறி, 2001இல் 7.0 பதிப்போடு நின்றுபோன மென்பொருள் அது. அதற்காகவே மூலையில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி பெட்டியைத் துணி போர்த்தி வைத்திருக்கிறார். மைக்ரோசாஃப்ட் அதற்கு 2014 ஏப்ரலிலேயே காரியம் பண்ணி முடித்துவிட்டது. எழுத்துரு, யூனிக்கோடு அல்லாத வானவில். 2010 ஜூனில் இதே ஊர் கொடிசியாவில் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான் தமிழ்நாடு அரசு யூனிக்கோடை ஏற்று ஆணை போட்டது. அண்ணனும் மாநாட்டுக்குப் போய்வந்தார். சுண்டல் நன்றாக இருந்ததாம்.

கட்டைவிரலாலும் தீராத வழக்குகள் வருவதுண்டு. மேல் வரி நடுவில் பெரியவர் பெயரா, சின்னவர் பெயரா என்று கமிட்டியே இரண்டாகப் பிளந்து நிற்கும். இங்கேதான் அண்ணன் எந்த மென்பொருளையும் மிஞ்சுகிறார். இரண்டு தரப்பையும் தனித்தனியே உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, "உங்க இஷ்டப்படியே போட்டர்றனுங்" என்று இருவரிடமும் சொல்வார். அப்படியே செய்தும் விடுவார். தேதி, யாகசாலை நேரம், அன்னதானம் எல்லாம் ஒன்றே. நல்லாம்பாளையம் பக்கம் போகும் கட்டில் பெரியவர் நடுவில், சின்னவேடம்பட்டி பக்கம் போகும் கட்டில் சின்னவர் நடுவில். மாறிப் போகாமலிருக்க ரப்பர் பேண்டு மட்டும் நிறம் மாற்றிக் கட்டுவார். சிவப்பு பெரியவருக்கு.