விலை ரூ. 4,999 மட்டும்

திருட்டுத் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு ஓர் அறிவிப்பு. நகைக்கடைச் சுவரில் ஓட்டை போடாதீர்கள். தனிப்படை அமைத்து ராஜஸ்தான் வரை துரத்துவார்கள். புல்லட்டைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள்; டோல்கேட் கேமராவை எல்லாம் உட்கார்ந்து பார்ப்பார்கள். சைக்கிளைத் திருடுங்கள். அதிலும் பழைய சைக்கிளாகப் பார்த்துத் திருடுங்கள். உங்கள் வசதிக்காக நாடாளுமன்றமே ஒரு வரி எழுதிவைத்திருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. சினிமா பார்த்தே நாம் மனப்பாடம் செய்திருந்த பிரிவு எண்கள் எல்லாம் மாறின. திருட்டுக்கு 379 போய் 303(2) வந்தது. இந்திப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று பட்டிமன்றம் நடந்ததே தவிர, கூடவே வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் கடைசியில் இருக்கும் அட்டவணையை யாரும் புரட்டவில்லை. அங்கே இருக்கிறது அந்த வரி. திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், அது போலீஸ் தானாகக் கையில் எடுக்க முடியாத குற்றம். எஃப்.ஐ.ஆர். கிடையாது. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் விசாரணை கிடையாது. வாரன்ட் இல்லாமல் கைது கிடையாது. தப்பித்தவறி மாட்டினாலும் ஜாமீன் உங்கள் உரிமை.

பழைய சட்டத்தில் இப்படி ஒரு கோடு இல்லை. ஐந்து ரூபாய்ப் பொருளானாலும் திருட்டு திருட்டுதான். போலீஸ் எடுத்தாக வேண்டும். அப்படிப்பட்ட குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஆணி அடித்தது போலச் சொன்னது. கட்டாயம் என்றால் வேலை. வேலையைக் குறைக்க இரண்டு வழி: திருட்டைக் குறைப்பது, அல்லது திருட்டு என்று எண்ணப்படுவதைக் குறைப்பது. முதலாவது கஷ்டம்.

செருப்புக்கடையில் 499, 999 என்று விலை ஒட்டும் வித்தை இப்போது திருட்டுக்கும் வந்துவிட்டது. 5,000 ரூபாய் சைக்கிள் போனால் அரசாங்கத்தின் கவலை. 4,999 ரூபாய் சைக்கிள் போனால் உங்கள் தலைவிதி.

யாருடைய தலைவிதி என்று பார்க்க எங்கள் தெருவுக்கு வாருங்கள். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வரிசையாகக் கார்கள், அவற்றுக்குக் காவலாக ஒரு பெரியவர். வேலையாட்களின் சைக்கிளை உள்ளே விடக் கூடாது என்பது அந்த சங்கத்தின் தீர்மானம்; தரையில் பதித்த டைல்ஸ் அழுக்காகுமாம். ஆகவே ஊரார் வண்டிக்கெல்லாம் காவல் இருக்கிற மனிதர், தன் வண்டியை மட்டும் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், காவல் இல்லாமல் விட்டுவிட்டு உள்ளே உட்கார வேண்டும். ஒரு நாள் அது போயே போய்விட்டது.

கேமரா பார்த்தோம். கிட்டத்தட்ட எல்லாக் கேமராக்களும் கார்களைப் பார்த்தபடி இருந்தன. கேட்டைப் பார்க்கும் ஒன்றின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. லுங்கி கட்டிய ஒருவன் வருகிறான். குனிந்து பின்சக்கரப் பூட்டில் கம்பியை விட்டு ஒரு நெம்பு நெம்புகிறான். ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த ஒயர்கூடையைத் திறந்து, தூக்குச்சட்டியின் மூடியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, மறுபடி மூடி, மாட்டிக்கொண்டு ஏறி மிதிக்கிறான். அவசரமே இல்லை. சட்டம் படித்தவன் போலிருக்கிறது.

பெரியவரைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“பில் இருக்கா?”

“வாங்கி ரொம்ப வருசம் ஆச்சுங்கய்யா. என் மவ பத்தாவது படிக்கிறப்ப வாங்குனது.”

“அப்ப என்னா தேறும்? எடைக்குப் போட்டா ஐநூறு, அறுநூறு. ஐயாயிரத்துக்குக் கீழன்னா நாங்க எடுக்க முடியாது பெருசு. கோர்ட்டுக்குத்தான் போவணும்.”

“கோர்ட்டுக்கா?”

“மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கிட்டு வா. தேடிருவோம்.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பொய் சொல்லவில்லை, மிரட்டவில்லை, டீ வாங்கி வரச் சொல்லவில்லை. சட்டத்தில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் சொன்னார். எத்தனையோ சட்டம் தூங்கும் ஸ்டேஷனில் இந்த ஒரு வரி மட்டும் எப்படி இத்தனை சீக்கிரம் அனைவருக்கும் மனப்பாடம் ஆனது என்பதுதான் என் வியப்பு. பக்கத்திலேயே 305-ம் பிரிவு இருக்கிறது. சரக்கோ பயணிகளோ ஏற்றும் வாகனத்தைத் திருடினால் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. கேரியரில் டீ கேன் கட்டி விற்பவரின் சைக்கிள் சரக்கு வாகனம் ஆகாதா என்று எந்த ஸ்டேஷனிலாவது கேட்டுப் பாருங்கள். அந்தப் பக்கம் மட்டும் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

விலையை யார் போட்டது என்பதையும் கவனியுங்கள். காயலான்கடைக் கணக்கில் ஐநூறு ரூபாய். அதே சைக்கிள் இல்லாததால் பெரியவர் இன்று ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசை மாதக் கணக்கில் கூட்டிப் பாருங்கள். எது விலை என்று தெரியும். மாதம் மூன்று லட்சம் வாங்குகிறவரின் ஐயாயிரம் ஒரு ராத்திரி ஓட்டல் பில். மாதம் பத்தாயிரம் வாங்குகிறவரின் ஐயாயிரம் பாதி மாதம். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதால் இருவருக்கும் ஒரே கோடு போட்டுவிட்டார்கள்.

கோர்ட்டுக்குப் போவதைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். ஒரு நாள் சம்பளம் போகும். மனு எழுதுகிறவர், வக்கீல், குமாஸ்தா என்று வரிசையாகப் போகும். ஐநூறு ரூபாய் சைக்கிளைத் தேடச் சொல்லி உத்தரவு வாங்குவதற்குள் புதுச் சைக்கிளே வாங்கிவிடலாம். அதுதான் சட்டம் போட்டவர்களின் நோக்கமும் போல: சைக்கிள் தொழிலுக்கு ஊக்கம்.

1948-ல் இத்தாலியில் டி சிகா ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ எடுத்தார். போர் முடிந்து பஞ்சம் பிடித்த ரோம் நகரம். சுவரொட்டி ஒட்டுகிறவனின் சைக்கிள் திருடுபோகிறது. புகார் கொடுக்கப் போனால் போலீஸ் எழுதிக்கொள்கிறது. தேடும் வேலையை அவனிடமே விட்டுவிடுகிறது. மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் ஊரெல்லாம் அலைகிறான். உலகமே அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டது, விருது கொடுத்தது. ரோமில் அது அவலம். நாம் அதைச் சட்டமாகவே போட்டுவிட்டோம்.

சட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உடனே சொல்வார்கள்: முதல்முறை சின்னத் திருட்டில் சிக்கியவனை ஜெயிலில் போட்டுக் கெடுக்காமல், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவை செய்யவைக்கிறோமே, இது சீர்திருத்தம் இல்லையா? நல்ல சீர்திருத்தம்தான். வயிற்றுக்குத் திருடியவனை மூன்று வருடம் உள்ளே போடு என்று நானும் கேட்கவில்லை, அந்தப் பெரியவரும் கேட்கவில்லை. ஆனால் அவன் சமூக சேவை செய்ய வேண்டுமென்றால் முதலில் பிடிபட வேண்டும். பிடிக்க வேண்டுமென்றால் தேட வேண்டும். தேடத்தான் கூடாது என்று அட்டவணையில் எழுதியிருக்கிறீர்கள். துடைப்பத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, பெருக்க வேண்டியவனை மட்டும் வழியனுப்பி வைக்கிற சீர்திருத்தத்தை வேறு எங்கே பார்க்க முடியும்? தண்டனையைக் குறைப்பது கருணை. தேடாமல் இருப்பது அலட்சியம். இரண்டாவதற்கு முதலாவதன் சட்டையைப் போட்டுவிட்டிருக்கிறார்கள்.

இந்த அரசாங்கத்துக்கு சைக்கிள் என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. ஒரு காலத்தில் நன்றாகவே தெரியும். அறுபது எழுபது வயதுக்காரர்களைக் கேளுங்கள். உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கின. கட்டினால் ஒரு தகர வில்லை கொடுப்பார்கள், அதை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். வில்லை இல்லையா, அபராதம். ராத்திரியில் விளக்கு இல்லையா, அபராதம். டபுள்ஸ் போனாயா, இறக்கிவிட்டு டயரில் காற்றைப் பிடுங்கு. வாங்க வேண்டியது இருந்தவரை சைக்கிள் ஒரு வாகனம். கொடுக்க வேண்டியது வந்ததும் அது ஐநூறு ரூபாய் இரும்பு.

வரிக்காக வில்லை அடித்த கைகளுக்கு, பாதுகாப்புக்காக ஓர் எண்ணைப் பதிவு செய்ய முடியாதா? ஜப்பானில் சைக்கிள் வாங்கினால் திருட்டுத் தடுப்புப் பதிவு சட்டப்படி கட்டாயம். சின்னக் கட்டணம், வண்டியில் ஓர் ஒட்டுவில்லை. சந்தேகம் வந்தால் போலீஸ்காரர் எண்ணைச் சொல்லி, வண்டி யாருடையது என்று நின்ற இடத்திலேயே தெரிந்துகொள்கிறார். எண் நம் சைக்கிளிலும் இருக்கிறது. பெடல் அச்சு இருக்கும் குழாயின் அடிப்பக்கத்திலோ, சீட்டுக்குக் கீழேயோ கம்பெனிக்காரன் குத்தி அனுப்புகிறான். விற்கிற கடைக்காரர் அதைக் காட்டித் தருவதில்லை. வாங்குகிறவர் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. பழைய சைக்கிள் வாங்கும் கடைக்காரரை அதை எழுதிவைக்கச் சொல்லி யாரும் நெருக்குவதில்லை.

இதற்குள் உபதேசிகள் வந்துவிடுவார்கள். “நல்ல பூட்டாப் போட்டிருக்கலாமே!” போடலாம். பின்சக்கரத்தோடு வரும் பூட்டு சக்கரத்தைத்தான் பூட்டும். சைக்கிளை எதனோடும் கட்டாது. பின்பக்கத்தைத் தூக்கி முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போய்விடலாம். பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் பூட்டு, நல்ல கட்டருக்கு முன்னால் நிற்காது. நம்பர் பூட்டைக் கைப்பழக்கத்திலேயே திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓரளவு தாக்குப்பிடிப்பது கெட்டி எஃகில் செய்த யு வடிவப் பூட்டு. ஃப்ரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, அசையாத ஓர் இரும்புக் கம்பத்தோடு பூட்ட வேண்டும்.

சரி, அந்தக் கம்பம் எங்கே? தெருவில் இருப்பது மின்கம்பம். அதில் கைவைத்தால் சைக்கிள் மிஞ்சும், ஆள் மிஞ்ச மாட்டார். வணிக வளாகத்துக்குப் போனால் வாசலிலேயே “சைக்கிளுக்கு இடமில்லை” என்று கை காட்டுவார்கள். ஸ்டாண்டில் விட்டால் சீட்டின் பின்புறம், ‘வண்டி காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல’. பொறுப்பு இல்லையென்றால் காசு எதற்கு? வெயிலில் காய வைத்ததற்கா? வளைத்த இரும்புக் குழாய் ஒன்றைக் கான்கிரீட்டில் நட்டால் இரண்டு சைக்கிள் பூட்டலாம். தெருவுக்குத் தெரு கொடிக்கம்பம் நடக் கை வருகிறது, இதற்கு வருவதில்லை.

சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கை வெளியிட்டது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் என்றார்கள். அருமையான கொள்கை, காகிதத்தில் ஓட்டிப் பார்த்தால் பள்ளமே இல்லை. ஜூன் 3 உலக சைக்கிள் தினம். அன்று காலை கடற்கரையில் பாருங்கள். பளபளக்கும் சைக்கிள்கள் மினி லாரியில் வந்து இறங்கும். அதிகாரிகள் தொப்பி போட்டு, கொடி அசைத்து, கேமராவைத் தாண்டும்வரை மிதிப்பார்கள். பிறகு சைக்கிள் லாரியில் ஏறும், அதிகாரி காரில் ஏறுவார். அந்த சைக்கிள்களில் ஒன்று காணாமல் போனால் தேடுவார்கள். அவற்றின் விலை ஐயாயிரத்துக்கு எவ்வளவோ மேலே.

பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. பெண் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்காமல் இருக்க அது செய்த உதவியைக் குறைத்துச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அரசு வாங்கும் விலையே ஐயாயிரத்தை ஒட்டித்தான். ஒரு மழைக்காலம் நனைந்தால் கோட்டுக்குக் கீழே வந்துவிடும். மாநில அரசு கொடுத்ததைத் திருடினால் தேட வேண்டியதில்லை என்று மத்திய அரசு எழுதிவைத்திருக்கிறது. கூட்டாட்சி என்றால் இதுதான்.

இந்த நிலைமையில் எனக்குத் தோன்றும் ஒரே பாதுகாப்பு யோசனை இது. ஆயிரத்து ஐநூறு ரூபாய் சைக்கிளுக்கு மூவாயிரத்து அறுநூறு ரூபாயில் பூட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் பில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு திருடனைத் தடுக்கும் என்பதற்காக அல்ல. பூட்டோடு சேர்த்துத் தூக்கிப் போனால் மொத்தம் 5,100 ரூபாய். அப்போதாவது நீங்கள் குடிமகன் ஆவீர்கள்.

அந்த வரியை எடுங்கள். தண்டனையைச் சமூக சேவையாகவே வைத்துக்கொள்ளுங்கள். புகாரை மட்டும் பதிவு செய்யுங்கள், தேடுங்கள். அதற்கு மனம் வரவில்லை என்றால் குறைந்தபட்ச நேர்மையாவது வேண்டும். காவல் நிலையத்தில் ‘காவல்துறை உங்கள் நண்பன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: ‘ரூபாய் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்’.